ஏழு பந்தியும் ஒரு ‘வாரேனுங்க’வும்

காளிச்சாமியின் வாக்குக்கு விலை நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

சோமனூரில் அதை யாரும் விலை கேட்டதில்லை. அங்கே விசைத்தறி ஓட்டும் அவர், காடாத் துணியைப் போனிலேயே விற்பவர். “சரிங்க” என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் சரக்கு கைமாறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலையில் நூல் விலை எகிறினாலும் அந்த விலைக்கே கொடுப்பார். கொடுத்துவிட்டு வாங்கியவனை ஒரு வாரம் திட்டுவார்; ஆனால் கொடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட சொல்லை முதன்முதலில் தராசில் தூக்கி வைத்தது போர்ச்சுகல் நாட்டில், டோரு ஆற்றங்கரையில் இருக்கும் பின்யாவ் என்கிற கையகல ஊர்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக வந்த பயணம் அது. கோவை விமான நிலையத்திலேயே பாவாத்தாள் கறாராகச் சொல்லிவிட்டார்: “கோட்டை, கொத்தளம், மியூசியம் ஒண்ணும் வேண்டாமுங்க. திங்கத்தானே போறோம், திங்கலாம்.”

அப்படியே தின்றார்கள். லிஸ்பனில் காலைப் பலகாரமே முட்டையும் பாலும் ஊற்றிச் சுட்ட இனிப்பு அப்பம்தான். போர்ட்டோவில் கரியில் வாட்டிய மத்தி மீன். ஓட்டல் கட்டிலில் எட்டுத் தலையணை கிடந்ததைப் பார்த்து, “பாக்கி ஆறு தலைக்கு யாருங்க வாராங்க?” என்று பாவாத்தாள் கேட்டார். முதல் நாள் ஒயினைக் கஷாயம்போலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியவர், வாரம் திரும்புவதற்குள், “நேத்தையதைவிட இது கொஞ்சம் தொவர்ப்புங்க, ஆனாலும் கறிக்கு இதுதான் சேரும்” என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

இத்தனையிலும் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்யாவுக்கு மேலே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஓர் ஓட்டல் இருக்கிறது. கடைசி இரவு அங்கே விருந்து. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வகை, வகைக்கு ஒரு ஒயின். மகள் யுவஸ்ரீ ஊரிலிருந்தே பதிவு செய்து முழுப்பணமும் கட்டிவிட்டாள். போகாவிட்டால் பணம் திரும்பாது.

“நம்மூட்டு விசேசத்துல எப்பவும் நான் கடைசிப் பந்திங்க” என்று பாவாத்தாள் ஒரு நாள் சொல்லியிருந்தார். “அதுலயும் பாதியில ரசம் எடுக்க எந்திரிச்சுப்போடுவேன். அங்க ஏழு தடவ வெப்பாங்களாம். ஏழு தடவையும் நான் எந்திரிக்கவே மாட்டேன், பாருங்க.”

அந்த விருந்துக்கு முந்தின நாள்தான் வினை பிடித்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக்கடை. அமேலியா என்கிற அம்மாள் சமைக்கிறார்; அவர் கணவர் ஜுவாகிம் ஊற்றிக் கொடுக்கிறார். வந்த தக்காளிச் சோற்றை வாயில் வைத்ததும் பாவாத்தாள், “அட, இது நம்ம ஊடு” என்றார். காளிச்சாமி போனை மேசையில் வைத்து, தமிழை அவர்கள் பாஷைக்கு மாற்றச் சொல்லி, இருபத்தைந்து வருஷக் கதையைச் சொன்னார். ஜுவாகிம் எந்த வருஷம் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

கிளம்பும்போது காளிச்சாமி கைகூப்பினார். “போயிட்டு வாரேனுங்க.”

போன் அதையும் மொழிபெயர்த்தது. அமேலியாவின் முகம் மலர்ந்தது. ஏதோ கேட்டார். பள்ளி ஆண்டுவிழாவில் பேசுவதுபோல் போன் சொன்னது: “தாங்கள் நாளை மாலை மீண்டும் வருகை தருவீர்களா?”

ஒரு பொம்பளை அவ்வளவு ஆசையாய்க் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எந்தக் கொங்கு நாட்டானுக்கு வாய் வரும்? “அதுக்கென்னுங்க, வந்தாப் போச்சு” என்றார் காளிச்சாமி. சொல்லிவிட்டு மறந்தும் போனார்.

மறுநாள் சாயங்காலம் பாவாத்தாள் மாம்பழக் கலர் பட்டு உடுத்திக்கொண்டார். டாக்ஸி ரயில் நிலையத்துக்கு முன்னால் நின்றது. அதில் ஏறப் போனவரை ஒரு வாசனை நிறுத்தியது.

நேற்றைய கடைதான். மூன்று மேசைகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நடுவில் ஒன்றுக்கு மட்டும் வெள்ளை விரிப்பு, பூ, இரண்டு நாற்காலி. கதவில் எழுதி மாட்டியிருந்த அட்டையைப் பாவாத்தாள் போனில் காட்டினார். ‘இன்று தனி விருந்து. மற்றவர்கள் மன்னிக்கவும்.’

“யாருக்குங்க விசேசம்?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் அமேலியா ஓடி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பின்னால் ஜுவாகிம், தூசி படிந்த ஒரு புட்டியைக் கைக்குழந்தைபோல் ஏந்தி நின்றார். அதன்மேல் சுண்ணாம்பில் 2000 என்று எழுதியிருந்தது.

பாவாத்தாள் மெதுவாகத் திரும்பினார். “நேத்து என்னங்க சொன்னீங்க?”

“போயிட்டு வாரேன்னேன்.”

“அது நம்மூருல சொல்றதுங்க! யாரு திரும்பி வாராங்க?”

“இவங்களுக்கு அது தெரியாதே, அம்மணி. விக்கற நாள்ல கடையச் சாத்திப்போட்டு உக்காந்திருக்காங்க. சொன்னது சொன்னதுதானே?”

“அப்ப எம்பட ஏழு பந்தி?”

காளிச்சாமியின் வியாபார மூளை சட்டென்று ஒரு வழி கண்டது. “ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம் வந்தா என்ன பண்றோம்? ஒரு மண்டபத்துல மூஞ்சியக் காட்டி, கைய நனைச்சுட்டு, இன்னொண்ணுல போயி உக்கார்றதில்லையா? இங்க ரெண்டு வாய், அங்க ஏழு பந்தி. டாக்ஸி நிக்கட்டும்.”

“மொய் எழுதறவங்க பேசற பேச்சுங்க இது” என்று முணுமுணுத்தாலும் பாவாத்தாள் உட்கார்ந்தார்.

விறகடுப்பில் காலையிலிருந்து வெந்த வெள்ளாட்டுக்குட்டி தட்டோடு வந்தது. தொட்டால் எலும்பு தனியாக வந்தது. “இதென்னுங்க, பல்லுக்கு வேலையே இல்ல!” என்ற பாவாத்தாளின் ரெண்டு வாய் இருபது வாயானது. ஜுவாகிம் புட்டியைத் திறந்து ஊற்றினார். இருபத்தைந்து வருஷம் இருட்டில் கிடந்த கருஞ்சிவப்பு. பனங்கருப்பட்டியும் உலர்ந்த திராட்சையும் சேர்ந்தாற்போல நாக்கில் நின்றது. காளிச்சாமி குவளையைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினார்.

தட்டு காலியானதும் பாவாத்தாள் பழக்கதோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் எழுந்தார். அமேலியா வழிமறித்தார். தட்டைப் பிடுங்கினார். தோளில் கைவைத்து ஒரே அழுத்து. அந்த அழுத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பாவாத்தாள் உட்கார்ந்தார். அடுத்து சோறு வந்தது. கிழங்கு வந்தது. பால்கட்டி வந்தது. மறுபடி எழப் பார்த்தார். மறுபடி ஓர் அழுத்து.

வெளியே டாக்ஸி ஹாரன் அடித்தது. காளிச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பக் கெளம்பினாப் புடிச்சுப்போடலாம், அம்மணி.”

பாவாத்தாள் வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னார்: “டாக்ஸிக்காரரப் போகச் சொல்லுங்க.”

“நாப்பத்திரண்டாயிரத்து ஐநூறு!”

“தெரியுமுங்க. அத உங்க பேர்ல கடனா எழுதிக்கிட்டேன். சொல்லு உங்களுது, பந்தி என்னுது. ஏழையும் ஒரு நாளைக்கு அதே ஓட்டல்ல நீங்கதான் வாங்கிக் குடுக்கோணும்.”

பில் வந்தபோது வேறொரு கூத்து. கறிக்கும் சோற்றுக்கும் அறுபது யூரோ என்று எழுதியிருந்தது, புட்டியைக் காணோம். காளிச்சாமி புட்டியைக் காட்டி எண்பது என்றார். ஜுவாகிம் வேண்டாமென்று தலையாட்டினார். காளிச்சாமி நூறு என்றார். நூற்றைம்பது. சோமனூர்க் கடைவீதி முழுக்க விலையைக் குறைத்தே பேசிப் பழகிய நாக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக ஏற்றிப் பேசியது, அப்படியும் தோற்றது. போன் சொன்னது: “இது விற்பனைக்கு அன்று. தாங்கள் வந்தீர்கள் அல்லவா, அது போதும்.”

வாசலுக்கு வந்தார்கள். பாவாத்தாள் முழங்கையால் இடித்தார். “இந்தத் தடவ பாத்துப் பேசுங்க. ‘போறோம்’னு சொல்லுங்க, தீந்துது.”

காளிச்சாமி வாயைத் திறந்தார். ‘போ’ வந்தது, ‘றோம்’ வரவில்லை. சோறு போட்டவர் வாசலில் நின்று ‘போறோம்’ என்று சொல்ல அந்த நாக்கு எங்கே பழகியிருக்கிறது? சாவு வீட்டில்கூட அதைச் சொல்லாமல்தான் எழுந்து வருவார்கள். போன் காத்திருந்தது. அமேலியா காத்திருந்தார்.

பாவாத்தாள் அவரைப் பார்த்தார், அமேலியாவைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார்.

“போயிட்டு வாரோமுங்க.”

போன் அதைச் சுத்தமாக மொழிபெயர்த்தது. அமேலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போது என்று கேட்டார்.

அறைக்கு நடந்து வரும் வழியெல்லாம் காளிச்சாமி விரல் மடக்கிக்கொண்டே வந்தார். போகாத விருந்துக்கு நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு, செலவு. காத்திருந்த டாக்ஸிக்கு நாற்பது யூரோ, செலவு. கறிக்கும் சோற்றுக்கும் அறுபது, செலவு. இருபத்தைந்து வருஷத்து ஒயின் ஒரு புட்டி, வரவு, விலை போடவில்லை. பாவாத்தாளுக்குத் தரவேண்டியது ஏழு பந்தி. அமேலியாவுக்குத் தரவேண்டியது ஒரு சாயங்காலம். இரண்டு கடனும் ஒரே ஊரில் இருப்பது ஒன்றுதான் ஆதாயம்.

“ஆகமொத்தம் எவ்வளவுங்க நிக்குது?” என்றார் பாவாத்தாள்.

“டிக்கெட்டு ரெண்டு, அம்மணி” என்றார் காளிச்சாமி. “பாக்கி.”