புகையில்லாத பஸ்

எங்கள் கிராமசபை ஏலத்தில் எடுத்த பழைய பஸ்ஸை மூன்று வருடமாக மாங்குளத்துக்கு ஓட்டினவன் நான், வீரபாகு. அந்த பஸ் குடித்த கண்றாவியைக் கேளுங்கள். டீசலோடு பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய். அது போதாதென்று, லொறிகளில் கழித்த எஞ்சின் ஒயிலைச் சீலைத்துணியில் வடித்து அதையும் ஊற்றுவோம். மலிவாய் முடியும் என்று சேர்மன் மயில்வாகனத்தார் கண்டுபிடித்த கலவை. பஸ் ஓடியது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் எழும்புகிற கறுத்த புகை காட்டு மரங்களுக்கு மேலால் தெரியும். எஞ்சின் மூடி சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது ஒழுங்காக மூடாது. ஆகவே மிச்சப் புகை முழுவதும் எனக்குத்தான்.

1980 சித்திரையில் எனக்கு முட்டு வருத்தம் பிடித்தது, மூச்சு இழுக்கிற வருத்தம். நாலு சொல் சேர்ந்தாற்போல் கதைத்தால் ஐந்தாவது சொல்லில் இருமல் வந்து ஆளை மடக்கிவிடும். வவுனியா ஆஸ்பத்திரி டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, புகையை விடு, இல்லாவிட்டால் பஸ்ஸை விடு என்றார். நான் பீடிகூடப் பற்றாதவன். பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு என்ன தொழில் தெரியும்? காணி இல்லை, மாடு இல்லை. பூநகரியில் தன் தமையனோடு கடலுக்குப் போகலாம் என்றாள் மனைவி ஞானேஸ்வரி. தோணி ஆடுவதைக் கரையில் நின்று பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

அதைச் சொன்னதும் அவள் சேர்மன் வீட்டுக்குப் போனாள். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். என்ன கதைத்தாளோ தெரியாது, மூன்றாம் நாள் சேர்மன் என்னைக் கூப்பிட்டு, இரண்டு கிழமை, பதினாலு நாளைக்குச் சுத்த டீசல் அடித்துப் பார்க்கலாம் என்றார். டீசல் விலை கூடினது, பஸ் நிறைய ஆள் இருந்தால்தான் கட்டும். ஆள் குறைந்தால் பழைய கலவைதான் என்று கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார்.

முதல் நாள் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன். செம்மண் றோட்டும் மரங்களும் அப்படியே தெரிந்தன. மூன்று வருடமாக நான் ஓட்டுகிற றோட்டை அன்றுதான் திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. ஆனால் வழியில் ஆட்களைக் காணோம். அடுத்த நாளும் அப்படித்தான். எந்நாளும் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் இரண்டு பேர் நின்றார்கள்.

“குளிப்பாட்டினவுடனே பஸ்ஸைச் சனத்துக்கு அடையாளம் தெரியேல்லைப்போல, அண்ணை” என்றான் கொண்டக்டர் நஜீம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாம் நாள் சேர்மன், சனத்துக்கு இது பிடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞானேஸ்வரி பூநகரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்பி வரும்போது ஒரு மனுசி றோட்டின் நடுவே பனையோலைக் கடகத்தோடு நின்று பஸ்ஸை மறித்தாள். பேச்சியம்மா. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, காட்டுக்குள் ஒரு மைல் தள்ளி மிளகாய்த் தோட்டம் செய்கிறவள். அவள் போட்ட சத்தத்தில் நான் எஞ்சினையே நிறுத்திவிட்டேன்.

“பஸ்ஸு ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, தம்பி? பத்து நாளா பொகையக் காணோமேன்னு, ஒடைஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன். மொளகா எல்லாம் வீட்டுல கெடந்து அழுகுது.”

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். எங்கள் பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? ஆட்கள் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே குளக்கட்டுப் பக்கம் பார்ப்பார்கள். ஏற்றத்தில் பஸ் முக்கும்போது புகை மரத்துக்கு மேலே எழும்பும். அதைக் கண்ட பிறகுதான் மண்வெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவி, றோட்டுக்கு நடந்து வருவார்கள். நாங்கள் புகையை நிறுத்தினோம், ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்களைப்போல மொக்கர்கள் உலகத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை குளக்கட்டில் ஏறியதும் ஹோர்னில் கை வைத்தேன். இறங்கி முடியும் மட்டும் எடுக்கவில்லை. குரங்குகள் எல்லாம் கிளைக்குக் கிளை பாய்ந்தன. ஒவ்வொரு ஒழுங்கைப் பாதைக்குள்ளும் இருந்து சனம் ஓடி வந்தது. ஒருவர் மண்வெட்டியோடேயே ஏறினார். பேச்சியம்மா தன் கடகத்தை என் காலடியில் வைத்துவிட்டு, இப்பதான் பஸ்ஸு என்று சொல்லிச் சிரித்தாள். மாங்குளம் போய்ச் சேரும்போது மிதிபலகையிலும் ஆள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சேர்மன் அசையவில்லை. சனிக்கிழமை சந்தை நாள், கலவை ஊற்றினாலும் பஸ் நிறையத்தான் செய்யும் என்றார். சபையில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். பழைய கலவைக்கே திரும்புவோம் என்று அவர் எழுதப்போகிற நேரம் நான் எழும்பினேன்.

மரியாதையாகத்தான் தொடங்கினேன். பிறகு கோபம் வந்துவிட்டது. சனம் டீசலை வெறுக்கவில்லை, புகையைக் கண்டு பஸ்ஸைப் பிடித்துப் பழகியது, அவ்வளவுதான் என்றேன். ஹோர்ன் அடித்ததைச் சொன்னேன். அழுகிப்போன மிளகாயைச் சொன்னேன். ஒரு நாளைக்கு என் ஆசனத்தில் வந்து குந்தி மாங்குளம் வரைக்கும் போய்வாருங்கள், பிறகு கலவையைப் பற்றிக் கதைப்போம் என்று சேர்மனின் முகத்துக்கு நேரேயே சொன்னேன். கதைத்து முடித்துக் கதிரையில் உட்கார்ந்தேன். தொலைந்தது வேலை என்று நினைத்தேன்.

சேர்மன் பேனையைக் கீழே வைத்தார்.

“வீரபாகு, நீர் எவ்வளவு நேரம் கதைச்சனீர் எண்டு தெரியுமோ?”

“மன்னிக்கோணும் ஐயா, கொஞ்சம் கூடிப்போச்சு.”

“அதைச் சொல்லேல்லை. நீர் ஒருக்காலும் இருமேல்லை.”

நான் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். எனக்கே தெரியாமல் மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. சேர்மன் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் இதற்கும் தலையாட்டினார்கள். இனி டீசல் மட்டும் என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

வெளியே ஞானேஸ்வரி யன்னலோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி டீசல்தான் என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். அவள் என் சேர்ட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிப்பாட்டாதேங்கோ” என்றாள். “இன்னும் கொஞ்சம் கதையுங்கோ.”