இரண்டு பேருக்கான மண் கெட்டில்

மும்பை மாட்டுங்காவில் வெளிநாட்டுத் தேயிலை விற்கும் கடையில் இசக்கிதுரைக்கு வேலை. தாராவியில் பக்கத்து வீட்டில் வளர்ந்த ரெபேக்காவை, "ஒருநாள் எங்க கடைக்கு வாயேன்" என்று அவன் கூப்பிடாத மாதமில்லை. வந்தால் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவது என்று வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. சனிக்கிழமை மதியம் அவள் வந்தே விட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்தாள்.

"ஏல துரை, எனக்குக் கல்யாணம்ல! நாளைக்கு மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்காங்க."

மாப்பிள்ளை செம்பூர்க்காரன், பெயர் ஏஞ்சலோ, கப்பலில் வேலை. சீனாவில் வாங்கிய பூ-அர் தேயிலையை, அடை மாதிரி தட்டி இறுக்கியதை, வருஷக்கணக்காகப் பீரோவில் வைத்திருக்கிறானாம். வயசாக ஆக ருசி கூடும் தேயிலை அது. மனிதர்களுக்கு இந்த வசதி கிடையாது.

"அத மண் கெட்டில்லதான் போடணுமாம். அவருக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கணும். நீதான் பாத்து எடுக்கணும். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

வேறொரு சந்தர்ப்பத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இசக்கிதுரை அலமாரியைத் திறந்தான்.

"ஓலை வாசிக்கும்போது, யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு கேப்பாங்கல்லா?"

"கேப்பாங்க. இருந்தா போய்ச் சாமியார்ட்ட சொல்லு" என்று சிரித்தபடியே, சிவப்பாகப் பளபளத்த டிராகன் கெட்டிலை எடுத்துவிட்டாள். "அய்யோ, இது சூப்பரா இருக்கு!"

அது மெல்லிசு. சூடு நிற்காது. வெந்நீர் பட்டால் உள்ளேயிருந்து பாலிஷ் நாற்றம் வரும். அவன் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். ஏஞ்சலோ ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பதை நினைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏஞ்சலோவுக்குப் பக்கத்தில் இன்னொரு கப் இருந்தது. அதைக் குடித்து முகம் சுளித்தவள் ரெபேக்கா.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றான்.

அவள் சிரிப்பு நின்றது. "எதுக்குல?"

"டிராகனுக்கு."

"சனியனே! ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்."

பின்வரிசையிலிருந்து பார்க்க லட்சணமில்லாத, தடித்த பழுப்புக் கெட்டிலை எடுத்துத் தண்ணீர் நிரப்பிச் சாய்த்தான். மூடியிலிருந்த ஓட்டையை விரலால் அடைத்ததும் தண்ணீர் சட்டென்று நின்றது; மூடி அவ்வளவு கச்சிதம். விரலை எடுத்தால் விழுந்தது. அவளும் அடைத்துப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடியும் அடைத்தாள்.

"மீன்சட்டி மாதிரி கஞ்சித்தண்ணி ஊத்திப் பழக்கணுமா?"

"வேண்டாம். அந்த டீயவே போட்டுப் பழக்கு. வேற டீ போட்டா வாசனை கலந்துரும். சோப்பு போடாத."

"எனக்கு எங்க ஞாபகம் நிக்கும்? இரு, அவருட்ட நீயே சொல்லிரு." நம்பரை அழுத்திப் போனை அவன் கையில் திணித்தாள்.

"சார், நான் துரை. ஆமா, அந்தத் துரைதான். நல்ல கெட்டில் சார். ரெண்டு பேரு குடிக்கச் சரியா இருக்கும். தண்ணி தளதளன்னு கொதிக்கணும். முதல்ல ஊத்துறதக் கொட்டிருங்க..."

"தேங்க்ஸ் தம்பி, கப்பல்ல கூப்பிடுறாங்க" என்று ஏஞ்சலோ அன்பாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

இசக்கிதுரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கழுவியதும் கவிழ்த்து வைக்க வேண்டும், மூடியைத் தனியாகக் காயவிட வேண்டும் என்று நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். எதிரில் ரெபேக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தால் கிளம்பிவிடுவாள்.