வடக்கு பார்த்த முதுகு

டெல்ஃபின், கள்ளிப்பழத்தின் சிவந்த சதையை விரலால் வழித்து, முதலில் அப்பாவின் நெஞ்சில் தொட்டு வைத்தாள். பருவத்தின் முதல் பழம் என்றால் அப்படித்தான். நெஞ்சுக்கு வைத்த பிறகுதான் வாய்க்கு. ஒரு துளி வழிந்து விரிப்பில் கறையானது. மிச்சத்தை அவர் உதட்டில் தடவினாள். தண்ணீர்கூட இறங்காத தொண்டை. ஆனாலும் அப்பா லெயாண்டர் நாக்கால் துழாவி எடுத்துச் சப்பினார்.

"நம்ம ஆளோடதாம்மா?"

"ஆமாப்பா. காலையிலதான் கோலால தட்டி எடுத்தேன். உச்சியில இன்னும் நிறைய இருக்கு."

"பொய் சொல்றப்ப உங்கம்மாவுக்கும் இப்படித்தான் குரல் குழையும்" என்றார். "இது மேட்டுல நிக்கிறவன் பழம். நம்ம ஆள் இவ்வளவு இனிக்க மாட்டான், என்னை மாதிரி."

நம்ம ஆள் என்பது வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெருங்கள்ளி. பாலைவனத்துப் பழங்குடிகளான ஓதாம் ஜனங்களுக்குக் கள்ளிகளும் மனிதர்கள்தான். லெயாண்டர் பிறந்தபோது அவருடைய நஞ்சுக்கொடியை அதன் காலடியில் புதைத்தார்கள், கள்ளி நிற்கிற வரைக்கும் பிள்ளையும் நிற்பான் என்று. அப்போது அது நாட்டின் எல்லையோரத்தில் இடுப்பு உயரத்தில் நின்றது. ஒரு முள்மரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தது. நிழல் இல்லாமல் சின்னக் கள்ளி ஒரு கோடை தாங்காது. பிறகு வளர்ந்து, நிழல் கொடுத்த மரத்தின் தண்ணீரையே குடித்து அதைச் சாகடித்துவிட்டு, தனியாக நின்றது. அதற்குக் கைகள் கிளைத்தபோது லெயாண்டருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

எல்லையில் சுவர் எழுப்ப வந்தவர்கள் வழியிலிருந்த கள்ளிகளைச் சாய்த்துக்கொண்டே வந்தார்கள். இதன் முறை வந்தபோது டெல்ஃபின் எந்திரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் இதை மட்டும் பெயர்த்து, லாரியில் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் நட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருஷம் பச்சையாகத்தான் நின்றது. கள்ளி தன் சாவைச் சொல்லாது. வேர் செத்த பிறகும் உடம்பில் சேர்த்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு நிற்கும், பூக்கக்கூடச் செய்யும். இந்தக் கோடையில் பூத்தது. டெல்ஃபின் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். ஒரு பூகூடப் பழமாகவில்லை. அடியிலிருந்து கறுப்பாக நீர் வடியத் தொடங்கி, நாற்றமும் எழுந்தது. ஈ வருகிறது என்று சொல்லி அந்தப் பக்கத்துச் சன்னலை மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் கள்ளி போய்விட்டது தெரிந்தால் அப்பாவும் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம்.

"சன்னலைத் திற" என்றார் லெயாண்டர்.

"ஈ மொய்க்குதுப்பா."

"அதுவும் பொழைச்சுப் போகட்டும். திறம்மா."

திறந்தாள். நாற்றம் உள்ளே வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை.

"அவனைத் திருப்பி வெச்சுட்டாங்கம்மா" என்றார் மெதுவாக. "தெற்குப் பக்கம் வெயில் தின்னு தின்னு தடிச்ச தோலு. அதை வடக்கே கொண்டுபோயிட்டு, வடக்கு பார்த்தே இருந்த முதுகை வெயில்ல விட்டுட்டாங்க. நட்ட அன்னைக்கே பார்த்துட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லப்பா! திருப்பி வெக்கச் சொல்லியிருப்பேனே!"

"லாரி போயிடுச்சு. நீ ஜெயிச்சுட்டோம்ப்பா, ஜெயிச்சுட்டோம்ப்பான்னு குதிச்சுட்டு இருந்தே. எந்த வாயால சொல்றது?"

அவள் ஒவ்வொரு நாளும் வந்து கள்ளி நன்றாயிருக்கிறது என்று சொன்னதும், அவர் ஒவ்வொரு நாளும் தலையாட்டியதும் டெல்ஃபினுக்கு நினைவு வந்தது. தாங்க முடியாமல் அழுதாள். அவர் கையைத் தூக்கப் பார்த்தார், கை எழவில்லை. உச்சி வெயிலில், அவள் தம்பி எம்மெட்டின் வண்டி வந்து சேருவதற்குள், அவர் மூச்சு நின்றுவிட்டது.

புதைத்துவிட்டு வந்த மறுநாள் எம்மெட் அப்பாவின் தொப்பி, பூட்ஸ், மெத்தை எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்தான். எரிக்க வேண்டும். டெல்ஃபின் குவியலுக்குள் கைவிட்டு, பழக்கறை படிந்த விரிப்பை உருவினாள்.

"அக்கா, செத்தவங்க துணி வீட்டுல இருக்கக்கூடாது. போடு."

"வீட்டுல வெக்கப் போறதில்லடா."

பின்பக்கம் போனாள். பழம் தட்டும் கோலின் நுனியில் விரிப்பின் ஒரு முனையைச் சுற்றி, கள்ளியின் தெற்குப் பக்கத்துக்கு நிழலாகத் தூக்கினாள். வெயிலில் மஞ்சளாக வெந்துபோயிருந்தது அந்த முதுகு. துணி முள்ளில் மாட்டிக்கொண்டு பாதியில் மடிந்து தொங்கியது.

"அது செத்துப்போச்சுக்கா" என்றான் எம்மெட்.

"தெரியும்."

அவன் கையில் தீப்பெட்டி இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தான்.