அடியில் இருந்த படம்

திரைச்சீலைக் கம்பெனிக்காரர்கள் கேட்டது பூ. ஆனால் பூ மாதிரி இருக்கக் கூடாதாம். இப்படிக் கேட்கிறவர்களை என்ன செய்வது? டிசைன் ஆபீசில் வேலை பார்த்த சின்னவள் தலையைப் பிய்த்துக்கொண்டு பாசி, துருப்பிடித்த தகரம், குறுக்கே வெட்டிய முட்டைக்கோஸ் என்று கையில் கிடைத்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபில்டரில் போட்டுப் பார்த்தாள். ஃபில்டரும் மிக்ஸி மாதிரிதான். உள்ளே போடுவது சரியில்லை என்றால் வெளியே வருவதும் சரியாக இருக்காது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போனில் அக்காவின் படம் வந்தது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய இடது முன்னங்கையில் வெள்ளைத் திட்டுகள் வர ஆரம்பித்திருந்தன. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வேர்த்துக் கொட்டினாலும் முழுக்கைச் சட்டைதான். மருந்து கேட்கிறதா என்று பார்ப்பதற்காக மாதம் பிறந்ததும் அதே ஜன்னலோரம் கையை நீட்டிப் படமெடுத்துத் தங்கைக்கு மட்டும் அனுப்புவாள். "பரவியிருக்காடி? மறைக்காம சொல்லு. படம் பாக்குற கண்ணு உனக்குத்தானே" என்று கூடவே ஒரு வரி வரும். "அப்படியேதான் இருக்கு" என்று இவள் பதில் போடுவாள்.

அன்றும் அதே பதிலைப் போட்டாள். போனைக் கீழே வைக்கப் போனவள் வைக்கவில்லை. அந்தத் திட்டுகளின் ஓரத்தைப் பார்த்தாள். எந்தப் பென்சிலுக்கும் வராத நெளிவு. கை என்று தெரியாத அளவுக்குப் படத்தை நெருக்கி வெட்டினாள். ஒரு ஃபில்டரில் கண்ணாடிப் பிம்பமாக இரட்டித்தாள், கலைடாஸ்கோப்பில் விட்டு இதழ் இதழாக விரித்தாள், பிறகு சுழல் ஃபில்டரில் லேசாக ஒரு திருகு. நிறத்தை நீலத்துக்கு நகர்த்தியதும் தோல் என்பதே காணாமல் போயிற்று. முழங்கைக்குக் கீழே இருந்த மச்சம் ஒவ்வொரு பூவின் நடுவிலும் கறுப்புப் பொட்டாக வந்து உட்கார்ந்துகொண்டது. மனசாட்சி முனகத்தான் செய்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அதன் வாயை அடைத்தாள்.

டிசைன் தேர்வாகிவிட்டது. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல், தன் டிசைன் தேர்வானதை அக்காவுக்கே போன் போட்டுச் சொல்லித் தொலைத்தாள். பள்ளி அரைநாள் விட்ட ஒரு மதியம் அக்கா ஆபீசுக்கே வந்து நின்றாள்.

மாதிரித் துணி சுவரில் தொங்கியது. அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். "நடுவுல அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கே, அதுதான்டி அழகு. அது இல்லேன்னா சப்புன்னு போயிருக்கும்."

சின்னவள் துணிக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றாள். "வாக்கா, வெளிய போய் டீ குடிக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நேரம் பார்த்து முதலாளி சின்னவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

பக்கத்து மேஜைக்காரனுக்கு ஆபீசில் ரேடியோ என்று பெயர். யாரும் திருகிவிடாமலே பாடுவான். நல்லவன்தான், அதுதான் பிரச்சனை. "நீங்க உட்காருங்கக்கா. உங்க தங்கச்சி இதை எப்படிப் பண்ணினாங்கன்னு நான் காட்றேன்" என்று ஃபைலைத் திறந்துவிட்டான். வாடிக்கையாளர் எப்போது மனம் மாறுவார் என்று சொல்ல முடியாது என்பதால், மூலப்படத்தை அடியில் வைத்து ஃபில்டர்களை அதன்மேல் அடுக்காகவே விட்டுவைப்பது அந்த ஆபீசின் சட்டம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் இருக்கும். கண்ணை மூடினால் அந்த ஃபில்டர் செய்ததெல்லாம் கலைந்துவிடும்.

சின்னவள் திரும்பி வரும்போது ரேடியோ கண்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தான். நீலம் போயிற்று. சுழல் போயிற்று. இதழ்கள் மடங்கின.

"டேய், அதை மூடு!" என்று அவள் ஓடிவருவதற்குள் கடைசிக் கண்ணும் மூடியது.

திரை நிறைய பழுப்புத் தோல், வெள்ளைத் திட்டுகள், ஒரே ஒரு மச்சம்.

"இது என்னது, ஏதாவது மேப்பா?" என்றான் ரேடியோ.

அக்கா திரையையே பார்த்தாள். ஏற்கெனவே மணிக்கட்டு வரை இருந்த சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "சுவரு" என்றாள். "எங்க வீட்டு மாடிச் சுவரு. பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு."

"அட! சீக்கிரம் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கக்கா. விட்டா பரவிடும்."

"பாத்துக்கிறேன் தம்பி."

அக்கா எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடச் சின்னவள் தாங்கியிருப்பாள். தன் மானத்தை அக்கா பொய் சொல்லிக் காப்பாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

மாடிப்படியில் வழிமறித்தாள். "மன்னிச்சிடுக்கா. கைன்னு யாருக்குமே தெரியாதுக்கா, வெட்டித்தான்..."

"அதை விடு. அன்னிக்குப் பரவியிருக்கான்னு கேட்டேன். அப்படியேதான் இருக்குன்னு சொன்னே. நிஜமாவே பாத்துட்டுதான் சொன்னியா?"

சின்னவள் மணிக்கணக்காகப் பார்த்த படம். எந்த ஓரம் எங்கே வளைகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் முந்தின மாதத்துப் படத்தோடு ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. அக்கா பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த டிசைனை நிறுத்த முடியுமா என்று முதலாளியிடம் கேட்டாள். அச்சுக்குப் போயாச்சும்மா, உனக்கு என்ன ஆச்சு என்றார்.

அடுத்த மாதம் பிறந்தது. படம் வரவில்லை. ஒவ்வொரு முறை போன் சிணுங்கும்போதும் எடுத்துப் பார்த்து ஏமாந்தாள். கடைசியில் பழைய படங்களையெல்லாம் தேடி எடுத்துத் திரையில் வரிசையாக வைத்தாள். ஃபில்டர் எதுவும் போடவில்லை. முதல் படத்தில் முழங்கையோரம் ஒரு நாணயம் அளவுக்கு இருந்த திட்டு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசிப் படத்தில் மணிக்கட்டைத் தொட்டிருந்தது. போனில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவள் போட்ட பதில் அப்படியே இருந்தது. சீ என்று இருந்தது அவளுக்கு.

அக்காவைக் கூப்பிட்டாள். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம்.

"அக்கா, பரவியிருக்கு. மணிக்கட்டுக்கிட்ட வந்துடுச்சு."

சத்தம் நின்றது.

"எனக்குத் தெரியாதாடி? என் கைதானே" என்றாள் அக்கா. பிறகு, "கூட ஒருத்தி பாக்கட்டும்னுதான் அனுப்பினேன்" என்றாள்.

குழாய்த் தண்ணீர் மறுபடி விழும் சத்தம் கேட்டது. அக்கா போனை வைக்கவில்லை. சின்னவளும் வைக்கவில்லை.