வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு அப்டேட்

0.

(பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதற்கு மன்னிக்கவும். ஆயுசு முழுக்க புரோகிராம் எழுதிய கை. எங்கள் தொழிலில் வரிசையின் முதல் ஆள் எப்போதும் பூஜ்ஜியம்தான். அதனால்தான் எங்களுக்குத் தலைக்கனம் கிடையாது என்று எழுதப் பார்த்தேன்; என் மனைவி பக்கத்து அறையிலிருந்தே சிரிக்கிறாள்.)

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதப் பத்திரிகைக்கு, கணினிச் செய்திகளைக் கிண்டலடித்து ஒரு பக்கம் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடச் சொகுசான வேலை உண்டா? இத்தனை வருஷம் நாம் செய்த அபத்தங்களை இப்போது அடுத்தவர்கள் செய்கிறார்கள். கால் மேல் கால் போட்டுக்கொண்டு சிரிக்கலாம். போன மாதம் எங்கள் வீட்டு டிவி அப்டேட் ஆன கதையை எழுதினேன். அப்டேட் தொடங்கியபோது எதிர்மனை காலியாக இருந்தது. முடிந்தபோது அங்கே மூன்று மாடி எழும்பி, ஆட்கள் குடிவந்து, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. மிகை என்று யாராவது சொன்னால், சண்டையை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன். மாடிகளில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன்.

இந்த மாதம் கையில் வந்து விழுந்த செய்தி: நெஞ்சுக்குள் வைக்கிற பேஸ்மேக்கர் ஒன்றுக்கு, அதைச் செய்த கம்பெனி மென்பொருள் அப்டேட் வெளியிட்டிருக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல். உடனே ஒரு வாக்கியம் தட்டினேன்: "இனி யாராவது மனசு உடைஞ்சுபோச்சு என்று வந்து நின்றால், ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கள்." தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடி கழன்று விழும்வரை நானே சிரித்தேன்.

கண்ணாடியைக் குனிந்து எடுத்தபோது மனைவி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி. அந்த பேஸ்மேக்கர் அவளுடையது.

1.

தொடங்குவதற்கு மூன்று வழிகளைப் பார்த்தேன்.

"அது ஒரு அடைமழை நாள்." மழை பெய்யவில்லை. சொல்லப்போனால் நல்ல வெயில். நீக்கம்.

"மனித இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது." இப்படி ஆரம்பிக்கிறவனை நானே படிக்க மாட்டேன். நீக்கம்.

"எனக்கு பயத்தில் கையும் காலும்

இதைப் பாதியில் விட்டேன். நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறவன் 'எனக்கு பயம்' என்று எழுதினால் அடுத்த மாதம் எவன் சிரிப்பான்? ஆகவே பயப்படுவதற்கென்று தனியாக ஓர் ஆளை ஏற்பாடு செய்கிறேன். அவர் பெயர் அட்மின். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கிய பாவத்துக்கு உறவினர்கள் சூட்டிய பெயர். அவரும் ஓய்வுபெற்ற புரோகிராமர்தான். அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வழுக்கை, மூக்குக்கண்ணாடி, மனைவி ஆகிய மூன்று மட்டும் பொது.

அந்த மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். சாட்சி சொல்கிறவர் இருமினால் அதையும் எழுதிவைத்த ஆள். அவர் முன்னால் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, பிறகு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று தப்பித்தவர்கள் இந்தப் பூமியில் இல்லை. இந்தப் பிரதியையும் படித்துவிட்டுத்தான் அனுப்ப விடுவாள். [சரி, ஒருமுறை 'அவர்', ஒருமுறை 'விடுவாள்'. தடுமாற்றம் தெரிந்ததே. இனி 'அவள்'தான்.]

2.

விஷயம் இதுதான். அந்தக் கருவியில் பேட்டரி தீரும் நிலையில் இருந்தாலும் 'இன்னும் நிறைய இருக்கிறது' என்று காட்டுகிற ஒரு கோளாறு. அப்டேட் செய்தால் அது சரியாகும். செய்யாவிட்டால் எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. சுருக்கெழுத்தாளரின் இதயமோ, கருவி தட்டிக்கொடுத்தால்தான் வேலை செய்யும் இதயம்.

ஆக, அப்டேட் செய்ய வேண்டும். அதில் அட்மினுக்கு மறுப்பில்லை. ஆனால் மருத்துவமனை கொடுத்த நேரத்தைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி.

எங்கள் தொழிலுக்கு சாமி கிடையாது, சடங்கு கிடையாது. ஆனால் ஒரே ஒரு தீட்டு உண்டு: வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடிக்கொண்டிருக்கும் எதிலும் கைவைக்கக் கூடாது. வைத்தால் அது சனிக்கிழமை காலையில் படுக்கும். கம்பெனியில் ஈ, காக்கை இருக்காது. திங்கட்கிழமை வரை நீயும் அதுவும்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிக்கொடுத்து விடுவோம்.

அட்மின் மருத்துவமனைக்கு போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்மா. செவ்வாய்க்கிழமை காலையில குடுங்க."

"ஏன் சார், நாள் பாக்கறீங்களா?" என்றாள் வரவேற்புப் பெண்.

"ஆமா. எங்க தொழில்ல பாப்போம்."

"செவ்வாய்க்கிழமைய நல்ல நாள்னு கேட்டு வாங்கற முதல் ஆள் நீங்கதான் சார். ஆனா மூணு வாரத்துக்கு வேற நேரமே இல்ல."

அவர் போனை வைத்தார். சுருக்கெழுத்தாளர் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"வெள்ளிக்கிழமைதானாம்."

"சரி, போவோம்."

"நீ புரிஞ்சுக்கவே மாட்டேங்கற. ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா சனி, ஞாயிறு அந்தக் கம்பெனில ஒரு ஆள் இருக்க மாட்டான்."

"நீங்க இருப்பீங்கல்ல?"

"நான் இருந்து என்னத்தக் கிழிக்க? யாரோ எழுதினது. உள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"இத்தனை வருஷமா என் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னுந்தான் உங்களுக்குத் தெரியாது. குடும்பம் ஓடலியா?"

[திருத்தம்: நான் 'மண்டை' என்று சொல்லவில்லை. 'மனசு' என்றேன். மற்றபடி சரி. – சுருக்கெழுத்தாளர்]

3.

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத பாத்திரம் ஒன்று உண்டு: அப்டேட் செய்யும் தொழில்நுட்பர்.

முதல் பிரதியில் அவனை ஒரு கோமாளியாகச் செதுக்கியிருந்தேன். வாயில் பபுள்கம், காதில் பாட்டு, ஒரு கையில் பாதி கடித்த சமோசா, இன்னொரு கையில் என் மனை— அட்மினின் மனைவியின் இதயம். கேலிக்கு அருமையான ஆள். இவன் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வாசகர்கள் நகம் கடிப்பார்கள்.

சுருக்கெழுத்தாளர் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

உண்மையில் வந்தது ஒரு பெண். சின்னதாக வெட்டிய நகங்கள். முழு ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிறவள் போல நிதானம். பெயர், பிறந்த தேதி, கருவியின் எண் என்று மூன்றையும் கேட்டாள், திரையில் பார்த்தாள், மறுபடி கேட்டாள். குறை கண்டுபிடிக்க அட்மின் எவ்வளவோ முயன்றார். அகப்படவில்லை. குறையில்லாத ஆளை வைத்துக்கொண்டு எப்படி ஐயா கதை எழுதுவது?

ஒரே ஒரு இடத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. அவள் கதவைத் திறந்து உதவியாளரிடம், "புரோகிராமரைத் தூக்கிட்டு வாங்க" என்றாள்.

அட்மின் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்மா, நானே நடந்து வரேன்" என்றார்.

(பேஸ்மேக்கரோடு பேசும் பெட்டிக்குப் பெயர் புரோகிராமராம். சத்தியமாக. பார்ப்பதற்குத் தடித்த மடிக்கணினி போல இருந்தது. என்னைவிட அழகு.)

பெட்டி வந்தது. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"இதை எழுதினவங்க யாரும்மா?"

"கம்பெனில எழுதினது சார்."

"ஏதாவது சரியா வரலைன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போக வழி இருக்கா?"

அந்தப் பெண் மழுப்பவில்லை. "இல்ல சார். இது முன்னால மட்டுந்தான் போகும். ஆனா நின்னுடாது. மாத்தி முடிக்கற வரைக்கும் ஒரே சீரா அடிச்சுக்கிட்டு இருக்கும். இதுவரைக்கும் நான் செஞ்ச எதுலயும் கோளாறு வந்ததில்ல."

'என் கணினியில் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய் அட்மினுடையது. அதே பதில் தன் பக்கம் திரும்பி வந்தபோது அது எவ்வளவு மெலிந்த பதில் என்று தெரிந்தது.

"வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் மனைவியிடம். "மூணு வாரம் கழிச்சு வருவோம்."

"மூணு வாரத்துல பேட்டரி தீந்துட்டா?"

எழுந்த அட்மின் மறுபடி உட்கார்ந்தார்.

"கையெழுத்து போட வேண்டியது நான்" என்று சொல்லி அவளே பேனாவை வாங்கினாள். எழுதிக் கொடுத்தே பழகிய கை.

4.

இங்கே நான் ஒரு பெரிய வர்ணனை எழுதியிருந்தேன். அறை வெளிச்சம், சுவரின் நிறம், மருந்து வாசனை. எல்லாம் நேரம் கடத்தும் வேலை. எடுத்துவிட்டேன்.

மவுஸ் போன்ற ஒன்றை அந்தப் பெண் சுருக்கெழுத்தாளரின் தோளுக்குக் கீழே வைத்துப் பிடித்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக வளர ஆரம்பித்தது. பத்து. முப்பது. எழுபது. அட்மின் மூச்சுவிடுவதை முப்பதிலேயே நிறுத்தியிருந்தார்.

தொண்ணூற்றொன்பதில் கோடு நின்றது.

(வாசகரே, இதை நான் இட்டுக்கட்டவில்லை. உலகத்தின் எல்லாக் கோடுகளும் தொண்ணூற்றொன்பதில்தான் நிற்கும். அங்கே அவற்றுக்கு ஏதோ சத்திரம் இருக்கிறது.)

"ஏங்க, ஏன் நிக்குது?" என்றாள் சுருக்கெழுத்தாளர்.

"ஒண்ணுமில்ல. அந்தக் கோடு சும்மா. நாங்கதான் எழுதுவோம். எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. பாக்கறவங்க பயப்படாம இருக்கட்டும்னு ஓட விடுவோம்."

"அப்ப நீங்க ஏன் இப்படி வெளிறிப்போய் இருக்கீங்க?"

"எழுதறவனுக்குத் தெரியும்ல."

கோடு நகரவில்லை. அப்போதுதான் அது நடந்தது. அட்மின் யோசிக்கவில்லை, கை யோசித்தது. எது நின்றாலும், எது தொங்கினாலும், வாழ்நாளெல்லாம் அது செய்த ஒரே வைத்தியம். எழுந்தார். சுவரோரம் போனார். பெட்டியின் மின்சார சுவிட்சின் மேல் விரல் போய் உட்கார்ந்தது.

"சார்!" அந்தப் பெண்ணின் கை மவுஸைவிட்டு நகர முடியாது. குரல் மட்டும் பாய்ந்தது. "தொடாதீங்க!"

படுத்தபடியே சுருக்கெழுத்தாளர் தலையைத் திருப்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க. அங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ண நினைக்கறது பெட்டிய இல்ல. என்னை."

விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. பிறகு மெல்ல விலகியது.

"இங்க வந்து உக்காருங்க. ரெண்டு கையையும் எங்கிட்ட குடுங்க."

கொடுத்தார். அவள் அவற்றை வாங்கித் தன் வயிற்றின் மேல் வைத்து, வேறெங்கும் போகாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மணிக்கட்டில் ஒரு நாடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒழுங்காக, ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. நான் அதை

[இங்கே 'அவர்' என்று வர வேண்டும். மூன்று முறை திருத்தினேன். மறுபடி 'நான்' என்றுதான் விழுகிறது. இருக்கட்டும்.]

5.

இனி உங்கள் விருப்பம். மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன்.

முதல் முடிவில், அட்மின் பெட்டியைப் பிடுங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்து, மூன்றே வரியில் திருத்துகிறார். மருத்துவமனை முழுக்கக் கைதட்டுகிறது. கம்பெனிக்காரர்கள் விமானம் பிடித்து வந்து காலில் விழுகிறார்கள். எழுதும்போது ரொம்ப சுகமாக இருந்தது. சுருக்கெழுத்தாளர் விளிம்பில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறாள்: [பொய்ச்சாட்சி.]

இரண்டாவது முடிவில் அவர் சுவிட்சை அணைத்துவிடுகிறார். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

மூன்றாவதில் கோடு நூறுக்குப் போகிறது. பெட்டி 'பீப்' என்கிறது. அந்தப் பெண், "அவ்வளவுதாம்மா. சட்டையப் போட்டுக்கங்க" என்கிறாள்.

நடந்தது மூன்றாவது.

அட்மினால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. பிறகு எழுந்தார். எழுந்ததும் கால் தரையில் பாவவில்லை. லிஃப்டில் ஏறியபோது, ஆள் ஏறிய பாரமே தெரியாமல் அது கொஞ்ச நேரம் கிளம்பத் தயங்கியது. உள்ளே நின்றிருந்த, முன்பின் தெரியாத ஒருவரின் கையைக் குலுக்கினார். அந்த மனிதரும் மரியாதைக்கு, "வாழ்த்துக்கள், பையனா பொண்ணா?" என்று கேட்டார்.

"பொண்டாட்டி!" என்றார் அட்மின்.

சுருக்கெழுத்தாளர் சிரித்த சிரிப்பில் லிஃப்ட் நாலு மாடியும் இறங்கிவிட்டது. கேன்டீனில் ரொட்டியும் ஆம்லெட்டும் வாங்கினார்கள். தன்னுடையதை முடித்துவிட்டு அவளுடையதிலும் பாதியைச் சாப்பிட்டார். "எனக்குத்தான் அப்டேட். பசி உங்களுக்கா?" என்றாள்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஜன்னல்களையெல்லாம் துடைத்தாள்.

6.

பத்திரிகை ஆசிரியை பிரதியைப் படித்துவிட்டுப் பேசினார்.

"சார், கடைசில ஒண்ணுமே நடக்கலையே?"

"நடக்கலம்மா. எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க!"

"அது சரி. முடிவு நிக்கணும்ல? வாசகர்கள் திட்டுவாங்க. ஒரு நாலு வரி சேர்த்து முடிச்சுக் குடுங்க."

உட்கார்ந்தேன். முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கீழே 'முற்றும்' என்று தட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இதயம் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கதைக்குக் கீழே அந்தச் சொல்லை விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. அழித்தேன்.

ஆகவே இதை நான் முடிக்கப் போவதில்லை. முடிவு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அட்மினை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், லிஃப்டுக்குள் மாட்டிவிடுங்கள், இருக்கிற நாலு முடியையும் பிடுங்குங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்தான். நீளமாக எழுதுங்கள். எத்தனை பக்கம் போனாலும் பரவாயில்லை. அவசரமே இல்லை.