பார்த்துக்கொண்டே நின்றவன்

லைன்மேன் காட்டைப் பார்த்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பத்தொன்பது வருடம் அப்படியே நின்றான். அறுந்த மின்கம்பியை இழுத்துக் கட்டப் போனவன், மரங்களுக்கு நடுவே குளத்தின் மேல் பனி விலகுவதைப் பார்க்கச் சைக்கிளை விட்டு இறங்கியிருக்கிறான், அவ்வளவுதான். மூச்சு இருந்தது, உடம்பில் சூடு இருந்தது, கண் மட்டும் அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். கால் தரையை விடவில்லை. டாக்டர் வந்து நாடி பிடித்துவிட்டு ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்றார். அலுவலகம் முதலில் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது, பிறகு வேறு ஆளைப் போட்டது. அவனுக்குத் தாடி வளரவில்லை, வயதும் ஏறவில்லை.

அவன் மனைவி வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ். அவள் போகிற பாதையும் அதுதான். தினமும் சைக்கிளை விட்டு இறங்கி, அவன் முகத்தில் படிந்த சிலந்திவலையைத் துடைத்து, மகள் எந்த வகுப்புக்குப் போனாள், வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்பதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். சுவரோடு பேசுவதற்கு இது தேவலை என்பாள், கேட்டவர்களிடம்.

ஏழாம் வருடம் ஒருநாள் அவளும் திரும்பிப் பார்த்துவிட்டாள். குளத்துப் பனி எழுந்து மரங்களுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரமும் விலகி அதற்கு வழிவிட்டது. அத்தனை வருடமாக அவன்மேல் இருந்த கோபம் அங்கேதான் போயிற்று. பாதம் மரத்துக்கொண்டு வந்தது, அதுவும் சுகமாகவே இருந்தது. தையல்காரருக்குப் பத்து மணிக்கு ஊசி என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து சுருக்கென்று தைக்க, செருப்பை அங்கேயே விட்டுவிட்டுக் காலை உருவிக்கொண்டாள். ஐந்து நிமிடம் நின்றதாகத்தான் நினைத்தாள். தையல்காரர் வீட்டுக் கடிகாரம் மாலை நாலு காட்டியது. அவர் மெஷின் பக்கத்தில் விழுந்து கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து மரங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் அவன் முகத்தைத் துடைத்தாள்.

பத்தொன்பதாம் வருடம், அப்படித் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் கண் அசைந்து அவள் நெற்றிக்கு மேலே வந்து நின்றது.

"உனக்கு எப்ப நரைச்சுது?"

"நீங்க மரத்தப் பாத்துட்டு இருந்தப்போ."

அவன் அந்த முடியையே வெகுநேரம் பார்த்தான். பிறகு, இன்னும் கொஞ்ச நேரம் நில்லேன், வெயில் இப்போதுதான் ஏறுகிறது என்றான்.

"எட்டு வீடு பாக்கி இருக்கு. வர்றதா இருந்தா பின்னால உக்காருங்க."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் நின்றாள். அவன் இன்னொரு முறை குளத்தைப் பார்க்கிறான் என்று தெரிந்தது. கூப்பிடவில்லை. கடைசியில் கேரியரில் பாரம் ஏறியது.

முதல் வீட்டுப் பெரியவர், மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இளைஞனை மேலும் கீழும் பார்த்து, மகனா என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றாள்.

"அப்படியா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார் அவர். "இந்தக் கையில போடும்மா. அந்தக் கை நேத்துப் போட்டதே இன்னும் வலிக்குது."