பெனிஸ்டனின் வலது கை

பெனிஸ்டன் இன்னும் வரவில்லை. ஷீஜா மூன்றாவது தடவையாக அவனுடைய அளவுத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

மருத்துவக் கல்லூரியில் அவள் செய்துவந்த ஆராய்ச்சி ரொம்ப எளிமையானது. நோய்நொடி இல்லாத இருபது பேர், மாதம் ஒரு தடவை, நாலு மாதம். வலது கை நரம்பில் லேசாக மின்சாரம் தட்டி, அது ஓடுகிற வேகத்தை அளக்க வேண்டும். சுகமாக இருப்பவர்களுக்கும் அந்த வேகம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதுதான் கேள்வி. பத்தொன்பது பேருக்கு ஒன்றிரண்டு மீட்டர் கூடிக் குறைந்தது. திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுக்கும் பெனிஸ்டனுக்கோ முதல் மாதம் நொடிக்கு ஐம்பத்தெட்டு மீட்டர், அடுத்த மாதம் ஐம்பது, போன மாதம் நாற்பத்தொன்பது.

"இன்னைக்கும் கொறஞ்சா நரம்பு டாக்டர்ட்ட அனுப்பிரும்மா. நம்ம லிஸ்ட்ல பேரை எடுத்துரு" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

பேர் போனால் போகட்டும். அவனுக்கே ஏதாவது என்றால்? மின்சாரம் தட்டிக் கட்டைவிரல் துள்ளும்போதெல்லாம், "சத்தியமா நான் ஆட்டல டாக்டர்" என்று சிரிக்க வைக்கிறவன். அவன் வரும் நாளில் மட்டும் நல்ல சுடிதாராகத் தேடி உடுத்துவதை ஷீஜா தனக்குள்கூட ஒப்புக்கொண்டதில்லை.

ஒருவழியாக வந்து உட்கார்ந்தான். அன்று பார்த்துக் கையுறை தீர்ந்துபோயிருந்தது. வெறும் விரலால் அவன் கையைத் தொட்டவள் திடுக்கிட்டாள். பனிக்கட்டி! இடது கையைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"இந்தக் கை மட்டும் ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அவன் கூரையைப் பார்த்தான். வாசலில் நின்ற உதவியாளர் செல்லக்கனிக்குத்தான் பொறுக்கவில்லை.

"நான் சொல்லுதேன்மா. ரெண்டாம் மாசத்துல இருந்து ஐஸ் போட்டு சீலா மீனு கொண்டு வாராரு. பஸ்ஸுல வார வழியெல்லாம் அந்தக் கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுதான். டாக்டரம்மாவுக்குன்னு சொல்லுதாரு, வாசல் வந்ததும் தைரியம் போயிருது. 'நீங்களே வச்சுக்கோங்கக்கா'ன்னு எங்கிட்ட தந்துருதாரு."

ஷீஜாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. கை குளிர்ந்தால் நரம்பு மெதுவாகும். முதல் வருடப் பாடம். அறையில் ஏசி ஒரே அளவில் ஓடுகிறதே என்று நம்பி, கையின் சூட்டைப் பார்க்காமல் விட்டது அவள் தப்பு.

வெந்நீர்ப் பையை அவன் கையில் சுற்றி இருபது நிமிடம் வைத்தாள். பிறகு அளந்தாள். ஐம்பத்தேழு.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அதைத் தாளில் குறித்தாள். "ஆனா ரெண்டு மாசத்து அளவு கெட்டுப்போச்சு. இன்னும் ரெண்டு தடவை வரணும்."

"ரெண்டு போதுமா டாக்டர்?"

அவள் முகத்தைத் தாளுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மொதல்ல வாங்க. மீனை இடது கையில பிடிச்சுக்கிட்டு வாங்க. என் கையிலயே தாங்க."

"அப்போ எனக்கு?" என்றார் செல்லக்கனி.